கிழக்கா, கேன்டீனா?

என்னிடம் ஒரு அறிக்கையின் நகல் இருக்கிறது. ஒரே பக்கம்தான். கீழே மூன்று கையெழுத்துகள், ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை. அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

"அவசரகால வெளியேற்ற ஒத்திகை. ஆகஸ்ட், மூன்றாவது புதன்கிழமை. சைரன் ஒலித்த நேரம்: காலை 9.40. ஷிப்டில் இருந்தோர்: 186. கூடுமிடத்துக்கு வந்து சேர்ந்தோர்: 4 (ஒருவர் விருந்தினர்). மற்றவர்கள் இருந்த இடம்: கேன்டீன்."

ஆண்டையும் எழுதத்தான் ஆசை. ஆண்டைச் சொன்னால் தொழிற்சாலையைச் சொன்ன மாதிரி, தொழிற்சாலையைச் சொன்னால் ஆட்களைச் சொன்ன மாதிரி என்று வீட்டில் தடை விதித்துவிட்டார்கள். எல்.கே.ஜி. படித்தபோது எந்தக் கிழமை முட்டிக்காலில் அடிபட்டது என்பதுவரை குறித்து வைத்திருக்கிறவனுக்கு இது பெரிய தண்டனை. ஆனாலும் கட்டுப்படுகிறேன். கறை மசால் வடையுடையது. அதைச் சொல்லத் தடை இல்லை.

அந்த நூற்றுச் சொச்சம் பேரைக் கேன்டீனுக்கு அனுப்பியவன் நான்தான். வாயால் அல்ல, ஒரு படத்தால்.

ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு உள்பக்கம் பொருத்தும் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. ஸ்டோர்ஸில் நான் ஒப்பந்த ஊழியன். வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் தேதி எழுதுவேன். யாரும் கேட்காவிட்டாலும் நேரத்தையும் எழுதுவேன். அதனால் எனக்குக் 'காலண்டர்' என்று பெயர். என் உண்மையான பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பிறகு நிரந்தரம், அல்லது வீடு. நடுவில் எதுவும் இல்லை. இப்படி இருக்கும்போதுதான் பாதுகாப்பு அதிகாரி ஸ்டெல்லா மேடம் ஒருநாள் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து புலம்பினார். சேரப்பணஞ்சேரிக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது, கண்ணாடியை மட்டும் கழற்றுவார். அன்று கழற்றியிருந்தார்.

"போன மாக் டிரில்ல இன்னா ஆச்சு தெரியுமா காலண்டர்? ஷெட்டு காலியாவ ஏழு நிமிஷம். சைரன் அடிச்சா வெளிய போவணும்னு ஒருத்தனுக்கும் தோணல. நேரா லாக்கருக்குப் போறாங்க, போனை எடுக்கறாங்க, மிஸ்டு கால் பாக்கறாங்க. நெஜமா நெருப்பு புடிச்சா வீடியோ எடுப்பாங்கபோல."

எங்கள் ஷெட்டுக்குள் கைபேசி கூடாது. காலையில் லாக்கரில் வைத்தால் ஷிப்ட் முடிந்துதான் எடுக்க முடியும். எனவே சைரன் எங்கள் ஊழியர்களுக்கு ஆபத்தின் ஒலி அல்ல, விடுதலையின் ஒலி.

"அடுத்த டிரில்லை கஸ்டமர் ஆடிட்டரே நின்னு பாக்கப் போறாரு. அதுலயும் ஃபெயில்னா என்னைக் கேள்வி கேப்பாங்க. செவுத்துல பெருசா எதனா போஸ்டர் வெக்கலாம்னு பாக்கறேன். பாத்தாலே கால் தானா நகரணும்."

"நான் செய்றேன் மேடம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் ஓவியத்தில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன் (கலந்துகொண்டவர்கள் இரண்டு பேர்).

"உருப்படியா செஞ்சா உன் பர்மனென்ட் ஃபைலுல நானே எழுதறேன்" என்றார். அந்த நொடி முதல் என் எதிர்காலம் ஒரு படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நூலகத்தில் சுவரொட்டிக் கலை பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் இரண்டு வாரம் படித்தேன். அசையாத தாளில் அசைவைக் காட்டுவது எப்படி என்பதற்கு அவற்றில் பல வழிகள் இருந்தன. நேராக நிற்கும் கோடு தூங்கும், சாய்ந்த கோடு ஓடும். ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். நகர்கிற உருவத்துக்கு முன்னால் வெற்றிடம் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள். ஆகவே இடமிருந்து வலமாகப் போகும் உருவம் வேகமாகத் தெரியும். எதிர்த்திசையில் போவது வேலை விட்டுக் களைத்துத் திரும்புவதுபோல் தெரியும்.

கடைசி விதியை நோட்டில் சிவப்பு மையால் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். என் வாழ்க்கையில் நான் அடிக்கோடிட்ட எதுவும் எனக்கு நன்மை செய்ததில்லை.

ஓடுகிற ஆளின் படத்தைக் கறுப்புத் தாளில் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓடக் கூடாதுப்பா. ஓடினா ஒருத்தர் மேல ஒருத்தர் வுழுவாங்க. வேகமா நடக்கணும். அதான் ரூல்."

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஓட்டத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். வேகமாக நடப்பதை வரைந்து பாருங்கள். என் முதல் ஆள் சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் நின்றான். கொஞ்சம் சாய்த்தேன். அதை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் சகாயத்திடம் போனேன். என்னோடு ஒன்றாகப் படித்தவன். காதுகுத்து, கபடிப் போட்டி, கண்ணீர் அஞ்சலி மூன்றையும் ஒரே மதியத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன்.

அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யார்ரா இவரு? குடிச்சிட்டு வூட்டுக்குப் போறாரா?"

"நடக்கிறான்டா. வேகமா."

"எந்தக் கடையில இருந்து?"

மறுவாரம் ஐந்து உருவங்களைச் சம இடைவெளியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு போனேன். ஒன்றைவிட ஒன்று அடர்த்தியாக, முன்னால் இருப்பது முழுக் கறுப்பாக.

"ரேஷன் கடை க்யூ" என்றான் சகாயம். "கடைசியில நிக்கறவனுக்கு ரத்தசோகை."

நான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தபடி, தன் கணினியில் ஒரு கபடி ஃபிளெக்ஸைத் திறந்து காட்டினான். "தோ பாரு. ரைடர் கால எங்க வெச்சிக்கிறேன்? பின்னங்கால் வெரல் நுனி மட்டும்தான் தரையில கீது. ஃபுல் பாதமும் தரையில பட்டா ஆளு நிக்கறான்னு அர்த்தம். அப்பறம் உன் அஞ்சு பேருக்கு நடுவுல கேப்பு ஒரே மாறி கீது. முன்னாடி போவப் போவ கேப்ப பெருசாக்கு. அப்பதான் ஸ்பீடு புடிக்கற மாறி தெரியும்."

"இதை எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"மூணு கபடி டீம்காரன் சட்டையப் புடிச்சான். அதுல படிச்சேன்."

இன்னொன்றும் சொன்னான்: "நீ கற்பனையில வரையற. வேகமா நடக்கற ஆளு ஒருத்தர நேர்ல பாரு."

வேகமாக நடப்பவரைத் தேடி நான் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டியதில்லை. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு அடித்துவிட்டால் வருகை பதியும் பஞ்ச் இயந்திரம் சிவப்பு காட்டும். கம்பெனி பஸ் தாமதமான நாளில் 5.56-க்கு இறங்கி, கேட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை நான்கு நிமிடத்தில் கடக்கிற எங்கள் ஆட்களை எந்த நாட்டு வீரனும் முந்த முடியாது. ஓடவும் கூடாது, செக்யூரிட்டி நிறுத்துவார். உலகத்திலேயே வேகமாக நடப்பது அங்கேதான் நடக்கிறது.

மேடத்தின் அனுமதியோடு கேட்டுக்கு வெளியே கைபேசியுடன் நின்றேன். பிள்ளைப்பாக்கம் பஸ் வந்தது. முதலில் இறங்கியவள் இரண்டாம் லைனில் வேலை செய்யும் அமுதா. தோளில் டிபன் பை, பின்னால் பறக்கிற துப்பட்டா, ஒரு பக்கமாகப் பாய்கிற சடை. உடம்பு சாய்ந்திருக்கிறது, ஆனால் விழாது. பின்னங்கால் விரல் நுனி மட்டும் தரையில். சகாயம் சொன்னது அத்தனையும் அந்தப் பெண்ணிடம் இருந்தது.

நான் பதினெட்டுப் படம் எடுத்து முடிப்பதற்குள் அவள் பஞ்ச் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, லேட்டா வரவங்கள போட்டோ புடிக்கறியா? ஹெச்ஆர்ல குடுக்கவா?"

(ஆம், அப்போது என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டாள். இந்தத் தகவலை எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் நினைவுபடுத்த வேண்டாம்.)

விஷயத்தைச் சொன்னேன். டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது. கறுப்பு உருவம் மட்டும்தான்."

"அப்ப சரி. ஆனா சடைய ஒயுங்கா போடு. எங்கம்மா பாத்தா திட்டும்."

படம் பிறந்தது. வெள்ளைப் பின்னணியில் ஐந்து அமுதாக்கள். பின்னால் இருப்பவள் புகைபோல், முன்னால் இருப்பவள் மை போல். இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகிறது. முன்னால் படத்தில் பாதிக்கு வெற்றிடம். அதன் கீழே 'எதையும் எடுக்காதே, நட' என்று எழுத்து. துப்பட்டாவின் நுனியைச் சட்டத்துக்கு வெளியே போகும்படி சகாயம் வெட்டிவிட்டான். "உள்ளயே மாட்டிகினா நகராது. கொஞ்சம் வெட்டுப்பட்டாதான் அவசரத்துல போற மாறி இருக்கும்" என்றான்.

ஆறு பிரதிகள் அடிக்கச் சொன்னேன். ஆறும் இடமிருந்து வலமாக.

அப்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வி என் நோட்டில் நேரத்தோடு இருக்கிறது: மாலை 5.25. "ஏன்டா, எந்தச் செவுத்துல மாட்டப் போற? கதவு எந்தப் பக்கம்?"

"திசையெல்லாம் விதிப்படி. இடமிருந்து வலம்தான் வேகம்" என்றேன். அவனைப் பார்த்துப் புன்னகைக்கவும் செய்தேன். புத்தகம் படித்தவன் படிக்காதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

எங்கள் ஷெட்டைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கிழக்கு மேற்காக நீண்ட ஒரு தகரக் கொட்டகை. கிழக்குக் கோடியில் ஒரு கதவு, வெளியே வண்டி நிறுத்துமிடம். அதற்கு அப்பால் கூடுமிடம். மேற்குக் கோடியில் ஒரு கதவு, வெளியே கேன்டீன், அதைச் சுற்றி மதில். முன்பெல்லாம் எல்லோரும் நடுவில் இருந்த கதவு வழியாகத்தான் வெளியேறுவார்கள். புதிய கன்வேயர் வந்ததும் அதை மூடிவிட்டார்கள். 'சைரன் ஒலித்தால் கிழக்குக் கதவு வழியே வெளியேறவும்' என்று மேடம் சுற்றறிக்கை விட்டிருந்தார். சூரியனே தெரியாத ஷெட்டுக்குள் கிழக்கு எது என்று யாருக்குத் தெரியும்? சுற்றறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊழியர்கள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

வடக்குச் சுவரில் மூன்று, தெற்குச் சுவரில் மூன்று என்று டேப் பிடித்து அளந்து, ஒரே உயரத்தில் மாட்டினேன். பிறகு ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று சரிபார்த்தேன். ஜன்னல் தெற்குச் சுவரில் இருக்கிறது. எதிரே வடக்குச் சுவர். அமுதாக்கள் மூன்று படங்களிலும் என் வலக்கைப் பக்கம் விரைந்தார்கள். வலக்கைப் பக்கம் கிழக்கு. கிழக்கில் கூடுமிடம். நோட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து.

என் சுவரிலேயே, எனக்கு இரண்டு பக்கமும் மாட்டியிருந்த மூன்று படங்களையும் எதிரில் போய் நின்று பார்க்கவில்லை. வடக்குச் சுவரைப் பார்க்கிறவனுக்கு வலது கிழக்கு என்றால், தெற்குச் சுவரைப் பார்க்கிறவனுக்கு வலது மேற்கு. மூன்றாம் வகுப்புப் பாடம் இது. நான் மூன்றாம் வகுப்பில் இந்தப் பாடம் படித்த நாள்கூட எனக்குத் தெரியும். பாடம்தான் நினைவில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மூன்று லைன்களிலும் ஆட்கள் தெற்குப் பக்கம் பார்த்துத்தான் நின்று வேலை செய்வார்கள். என் ஜன்னலுக்கு மேலேதான் கடிகாரம் இருந்தது. (நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லோரும் அடிக்கடி என்னையே நிமிர்ந்து பார்ப்பதாக நினைத்து, தினமும் தலைவாரிக்கொண்டு நின்றிருக்கிறேன்.)

அந்தப் புதன்கிழமை வந்தது. ஆடிட்டர் திருநெல்வேலிக்காரர். வாடிக்கையாளர் நிறுவனத்தின் சார்பில் கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு வந்தார். கூடுமிடத்தில் அவர், மேடம், செக்யூரிட்டி, வருகைப் பட்டியலோடு நான். 9.40-க்குச் சைரன் ஒலித்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. கிழக்குக் கதவு திறந்தே இருந்தது. அதன் வழியாக ஒரு நாய் வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"என்னய்யா, ஒருத்தரையும் காணும்?" என்றார் ஆடிட்டர். "எல்லாரும் எங்க போயிட்டாவ?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "லாக்கரா இருக்கும் சார்" என்றார், குரலில் உயிரே இல்லாமல்.

உள்ளே போனோம். ஷெட் காலி. லாக்கர் அறையும் காலி. மூன்று லைன்களும் நிறுத்தப்பட்டு, கருவிகள் ஒழுங்காக வைக்கப்பட்டு, ஒரு கோயில்போல் அமைதியாக இருந்தது. எனக்கு எதிரே தெற்குச் சுவரில் ஐந்து அமுதாக்கள் வலக்கைப் பக்கம் பறந்துகொண்டிருந்தார்கள். அந்த வலப்பக்கத்தின் கோடியில், மேற்குக் கதவு வழியாக மசால் வடை வாசனை வந்தது.

மேற்குக் கதவை நோக்கி முதலில் நடந்தவன் நான். பசியால் அல்ல.

கேன்டீனில் நான் கண்ட காட்சியை முழுதாகச் சொல்ல வேண்டும். மூன்று லைன்களும் மூன்று வரிசைகளாக நிற்கின்றன. தள்ளுமுள்ளு இல்லை. யார் கையிலும் போன் இல்லை. எல்லார் கையிலும் டம்ளர் இருக்கிறது. பத்து மணி டீ இடைவேளையை முன்னதாக விட்டுவிட்டார்கள்போல என்று நினைத்த கேன்டீன்காரர் டீயையும் வடையையும் கொடுத்து முடித்திருந்தார். புதன்கிழமை மசால் வடை. இரண்டாம் லைனின் முன்னால், பொறுப்பாளருக்கான சிவப்புத் தொப்பியோடு நின்று, வடையால் சுட்டிக் காட்டித் தலை எண்ணிக்கொண்டிருந்தாள் அமுதா.

"ஃபர்ஸ்ட் லைன் அறுவத்தொண்ணு, எங்க லைன் அறுவது, தேர்டு லைன் அறுவத்தொண்ணு. மொத்தம் நூத்தி எம்பத்திரண்டு மேடம்" என்றாள் பெருமையாக.

"அமுதா, இங்க ஏன் வந்த?"

"இன்னா மேடம் கேக்கறீங்க? செவுத்துல என் படம் இந்தப் பக்கம் போவுது. நானே அந்தப் பக்கம் போவலன்னா எப்படி?"

"நாங்க அக்கா பின்னாடி வந்தோம்" என்றது பின்வரிசை. "அக்கா படத்துக்குப் பின்னாடி போச்சு."

நான் வருகைப் பட்டியலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கேன்டீன்காரர், இவ்வளவு கலவரத்திலும் தொழில் மறக்காமல், என் கையிலும் ஒரு வடையை வைத்தார். அறிக்கையில் உள்ள கறை அப்போது விழுந்தது.

ஆடிட்டர் மேற்குக் கதவைப் பார்த்தார். பிறகு அமுதாவிடம், "கடைசி ஆளு கதவத் தாண்டும்போது நேரம் பாத்தியளா?" என்றார்.

"ஒரு நிமிஷம் அம்பது செகண்டு சார். கதவாண்ட கடியாரம் கீதே."

"ஏழு நிமிசம் எடுத்த இடத்துல ரெண்டு நிமிசத்துக்குள்ள." தன் தாளில் எதையோ எழுதினார். "ஒருத்தன்கூட லாக்கருக்குப் போவல, ஒருத்தனும் ஓடல. பத்து வருசமா பாக்கேன், இப்படி ஒரு டிரில்ல பாத்ததே இல்ல. இடம் மட்டும்தான் தப்பு. நெசமா தீப்பிடிச்சிருந்தா இந்த மதிலுக்குள்ள அத்தன பேரும் மாட்டியிருப்பாவ. அந்தப் படத்தப் போட்டது யாரு?"

பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றுக்குள் குதித்து ஒரு கார்க் கதவாக வெளியே வந்துவிடலாமா என்று தோன்றியது. கையைத் தூக்கினேன். வடை இருந்த கை.

"நீரா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஷிப்டு எத்தன மணிக்கு முடியுது?"

"ரெண்டு மணி சார்."

"ஒண்ணேகாலுக்கு மறுபடி சைரன் அடிப்பேன். அப்ப எல்லாரும் கூடுமிடத்துல இருந்தா பாஸ். இல்லன்னா ஃபெயிலுன்னு எழுதிட்டுப் போயிருவேன். எந்தப் பக்கம்னு வாயத் தொறந்து ஒருத்தரும் சொல்லப்பிடாது. படம்தான் சொல்லணும்."

10.20-க்கு என் வண்டி கிளம்பியது. 11.05-க்குச் சுங்குவார்சத்திரம். சகாயத்தின் கடையில் அச்சு இயந்திரம் வேறொரு ஃபிளெக்ஸைக் கக்கிக்கொண்டிருந்தது: மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டு அடி உயரத்தில் தாய்மாமன் கைகூப்பி நிற்கிறார். அதே தாய்மாமன் ஐந்தரை அடியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் சகாயம் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அன்னிக்கே கேட்டன் இல்ல?" என்றான் மெதுவாக. சிரித்திருந்தால் பரவாயில்லை.

"மூணு. வலமிருந்து இடமா. இப்பவே."

"திருப்பிப் போட்டா எழுத்தும் திரும்பிக்கும். மறுபடி டைப் அடிக்கணும்."

"எழுத்தே வேணாம். எவனும் படிக்கல."

"வலத்துல இருந்து இடம் போனா வேகம் கொறையும்னு ஒரு ரூல் சொன்னியே?"

என் நோட்டில் சிவப்பு மையில் இருந்த அந்த விதியை நான் அங்கேயே அடித்தேன். "வேகத்தை நாம ஏத்துவோம். இன்னும் கொஞ்சம் சாய். கேப்பை இன்னும் பெருசாக்கு. முதல் ஆளை ஓரத்துக்குக் கொண்டு போ. துப்பட்டா மட்டும் இல்ல, முன்னங்காலும் பாதி வெளிய போகட்டும்."

அவன் நான் சொல்லச் சொல்லச் செய்தான். ஒரு இடத்தில் நான் சொல்வதற்கு முன்னாலேயே செய்தான். இன்னொரு இடத்தில் அவன் செய்ததை நான் மாற்றவில்லை. விதி கேட்காமல் கண்ணால் பார்த்து நான் செய்த முதல் படம் அதுதான்.

"இன்னாபா, என் மச்சான் பொண்ணு ஃபங்ஷனு. என்னைப் பாதியில நிறுத்திட்டு இன்னா அடிக்கப் போறீங்க?" என்று எழுந்து வந்தார் தாய்மாமன். கணினித் திரையைப் பார்த்தார். கொஞ்சம் தலையைச் சாய்த்தார். பிறகு தன்னை அறியாமல் இடப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"இது இன்னா, பொண்ணு செவுத்த வுட்டு வெளிய போற மாறி கீது?"

"போவணும்னுதான் அடிக்கறோம் மாமா" என்றான் சகாயம்.

"அப்ப இத மொதல்ல அடி. நான் நின்னுகினுதான கீறேன், எங்க போப்போறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே சிறந்தது அவர் எடுத்து வைத்த அந்த ஒரு அடிதான்.

12.50-க்கு ஒரகடம். 1.05-க்கு மூன்று புதிய படங்களும் தெற்குச் சுவரில். இந்த முறை சரிபார்ப்பு என் ஜன்னலிலிருந்து அல்ல. ஒவ்வொரு லைனிலும் போய், ஊழியர்கள் நிற்கும் இடத்தில் நின்று, அவர்கள் பார்க்கும் உயரத்திலிருந்து பார்த்தேன். அமுதா தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"இப்ப சரியா போறனா?"

"போற" என்றேன்.

1.15-க்குச் சைரன். கூடுமிடத்தில் மறுபடியும் நாங்கள் நான்கு பேர். பட்டியலின் முதல் பெயரில் பேனாவை வைத்தேன். பதினைந்து விநாடி. இருபது. பிறகு கிழக்குக் கதவில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. உடம்பு சாய்ந்து, சடை ஒரு பக்கம் பாய்ந்து, பின்னங்கால் விரல் நுனி மட்டும் தரையில். சுவரிலிருந்து இறங்கி வந்ததுபோல் அமுதா வந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று லைன்களும் வந்தன. ஓட்டம் இல்லை, போன் இல்லை, வடை இல்லை. வந்துகொண்டே இருந்தார்கள். வரிசையின் கடைசியில் கரண்டியோடு கேன்டீன்காரரும் வந்தார். எல்லோரும் இங்கே போகிறார்களே, இங்கே என்ன போடுகிறார்கள் என்று பார்க்க வந்தாராம்.

ஆடிட்டர் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். "ஒரு நிமிசம் முப்பத்தெட்டு செகண்டு." பிறகு என் பக்கம் திரும்பி, "வேய், எங்க பிளான்ட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தாரீரா? ஆனா எங்க கேன்டீன் எந்தப் பக்கம்னு மொதல்ல வந்து பாத்துக்கிடும்" என்றார்.

ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் அதைப் போட்டுக்கொண்டு நான் பார்த்த அழகான தருணம் அது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு நிரந்தர ஆணை வந்தது. பதவி: ஸ்டோர்ஸ் உதவியாளர். கூடுதல் பொறுப்பு: தொழிற்சாலைக் காட்சிப் பலகைகள். இந்த இரண்டாம் வரியை மேடம் தன் கையால் சேர்த்து எழுதியிருந்தார்.

இன்று ஷெட்டில் ஏறத்தாழ எல்லாப் படமும் என்னுடையது. எல்லாப் படத்தையும் அது யாருக்காகவோ அவர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்த பிறகே மாட்டுகிறேன். அமுதா என்னை 'அண்ணா' என்று கூப்பிடுவதை நிறுத்தியது எந்த நாள், எந்த நேரம் என்பதும் நோட்டில் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் சகாயத்தின் பரிசு. மண்டப வாசலில் வைத்திருந்தான். அதே ஐந்து உருவங்கள். முன்னால் போகிற நால்வர் அவள். கடைசியாக, புகைபோல் வெளிறிப் பின்னால் வருகிறவன் நான். அது பந்தி நடக்கும் இடத்தைப் பார்த்து இருந்ததால், தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் கூட்டம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

இப்போது வண்டியில் எந்தச் சந்திப்புக்கு வந்தாலும், பின்னால் உட்கார்ந்திருக்கும் அமுதா என் தோளைத் தட்டி, "கிழக்கா, கேன்டீனா?" என்று கேட்பாள். பிள்ளைப்பாக்கத்தில் மாமனார் வழி சொல்லும்போது இடது வலது என்று சொல்வதே இல்லை. "கேன்டீன் பக்கம் திரும்புங்க மாப்ள" என்கிறார். என் நான்கு வயது மகள், பள்ளியில் கிழக்கு எது என்று கேட்டதற்கு, "வடை இல்லாத பக்கம்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரைக்காக அறிக்கையை மறுபடி எடுத்தபோது கணக்கு இடித்தது. ஷிப்டில் 186 பேர். கூடுமிடத்தில் நின்றவர்களில் ஆடிட்டர் விருந்தினர். அவர் போக மேடம், செக்யூரிட்டி, நான் என்று மூன்று பேர். ஆக, கேன்டீனில் 183 பேர் இருந்திருக்க வேண்டும். அமுதா எண்ணியது 182. அவள் எண்ணிக்கை தப்பாது. செக்யூரிட்டியின் பழைய பதிவேட்டைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். கிழக்குக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் திறந்தபடி கிடந்த பதிவேடு அது. அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் ஒரு பதிவு இருக்கிறது: '9.41, வெளியே.' பக்கத்தில் யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து.

யாரோ ஒருவர் சைரன் ஒலித்த நொடியில் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி, வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அந்த ஒருவரை மட்டும் என் படம் முதல் முறையே சரியான பக்கம் அனுப்பியிருக்கிறது. வெளியே வந்து, பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டு, நிறுத்தியிருந்த வண்டிகளின் மறைவிலிருந்து கூடுமிடத்தில் அதிகாரிகள் மட்டும் நிற்பதைப் பார்த்துத் திரும்பிப் போய், அமுதா எண்ணி முடித்த வரிசை ஒன்றில் சேர்ந்திருப்பார். இது என் ஊகம். பெருமைக்காக நானே பின்னால் போட்ட கையெழுத்து அது என்பது அமுதாவின் ஊகம். இரண்டுமே இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.